வெப் ஆப்பில் வெக்டர் அனிமேஷன்: ரியாக்ட், லாட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் ரியாக்டில் வெப் ஆப் எழுதுகிறவர்களுக்கானது. டிசைனர் ஒரு ஜேசன் கோப்பை அனுப்பி, "இதை ஹோம் பேஜில் போட்டுவிடுங்கள்" என்று சொன்ன நாளிலிருந்து ஒவ்வொன்றாக எழும் கேள்விகள் இவை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை வைத்தே எழுதியிருக்கிறேன். வியூ, ஆங்குலர் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், பெயர்கள்தான் மாறும்.

லாட்டி என்றால் என்ன?

அடோபியின் அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்த அனிமேஷனை வீடியோவாக மாற்றாமல், இந்த வடிவம் இந்த ஃப்ரேமில் இங்கே இருக்கும், அந்த ஃப்ரேமில் அங்கே போயிருக்கும் என்ற விவரமாகவே எழுதி வைத்த ஜேசன் கோப்புதான் லாட்டி. கோப்புக்குள் பொதுவாகப் படம் எதுவும் இல்லை, வரைவதற்கான குறிப்புகள்தான் இருக்கின்றன. அவற்றைப் படித்துத் திரையில் வரைய ஒரு பிளேயர் வேண்டும்.

எர்னான் டோரிசி 2015இல் பாடிமூவின் என்ற ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இணைப்பை எழுதினார். ஜேசனாக ஏற்றுமதி செய்யும் வேலையைச் செய்தது அதுதான். அந்த ஜேசனை ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு, ரியாக்ட் நேட்டிவ் மூன்றிலும் ஓட்டும் பிளேயர்களை ஏர்பிஎன்பி 2017இல் வெளியிட்டு, லாட்டி என்று பெயர் வைத்தது. கறுப்புத் தாளை வெட்டி நிழலுருவ அனிமேஷன் செய்த ஜெர்மன் இயக்குநர் லாட்டே ரைனிகரின் நினைவாக வைத்த பெயர் அது. அவருடைய முழுநீள அனிமேஷன் படம் 1926லேயே வந்துவிட்டது.

ஒருமுறையாவது அந்த ஜேசனை எடிட்டரில் திறந்து பாருங்கள். மேலேயே 'டபிள்யூ', 'ஹெச்' என்று அகலமும் உயரமும் இருக்கும். 'எஃப்ஆர்' என்பது நொடிக்கு எத்தனை ஃப்ரேம், 'ஐபி' தொடக்க ஃப்ரேம், 'ஓபி' முடிவு ஃப்ரேம். 'எஃப்ஆர்' 30, 'ஐபி' 0, 'ஓபி' 90 என்றிருந்தால் அனிமேஷன் 3 நொடி ஓடும். இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால், டிசைனரிடம் கேட்க வேண்டிய பாதிக் கேள்விகளுக்குப் பதில் நம் கையிலேயே இருக்கும்.

ஜிஃப், இல்லாவிட்டால் சின்ன வீடியோ போதாதா?

சில இடங்களில் போதும். ஜிஃப்பில் ஒரு ஃப்ரேமுக்கு 256 நிறங்கள்தான். ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும், அல்லது முழுதாக மறையும், பாதி ஒளிபுகுதல் என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் இருண்ட பின்னணியில் ஜிஃப்பைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிகிறது. வீடியோவில் நிறம் நன்றாக வரும், ஆனால் ஒளிபுகும் பின்னணி எல்லா பிரவுசரிலும் ஒரே வடிவத்தில் கிடைக்காது. லாட்டி வெக்டர், அதாவது பிக்சல்களாக இல்லாமல் வடிவக் குறிப்புகளிலிருந்து வரையப்படுவது; அதை எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் கூர்மை போகாது, நடுவில் நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், பயனர் செய்வதற்கு ஏற்ப எந்த ஃப்ரேமுக்கும் தாவலாம்.

ஆனால் நிஜ மனிதர்கள், புகை, தண்ணீர், ஒளிப்படம் போன்ற காட்சி என்றால் வீடியோவே சரி. அதை லாட்டியாக்கச் சொல்லி டிசைனரை வருத்த வேண்டாம்.

அப்படியானால் எல்லா அனிமேஷனுக்கும் லாட்டி போட்டுவிடலாமா?

வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வட்டம் சுற்றுகிற லோடருக்காக முழு லாட்டி பிளேயரையும் இறக்குமதி செய்த ஆப்களைப் பார்த்திருக்கிறேன். லாட்டி-வெப் பிளேயர் சுருக்கி அனுப்பிய பிறகும் பல பத்து கிலோபைட் வரும். அதே லோடரை எஸ்விஜி (பிரவுசர் நேரடியாக வரையும் வெக்டர் பட வடிவம்) வட்டம் ஒன்றும் சிஎஸ்எஸ்ஸில் நாலு வரியும் செய்துவிடும்.

நான் பார்க்கும் அளவுகோல் இதுதான். நகர்வது, சுழல்வது, மங்குவது, பெரிதாவது இவை மட்டுமே என்றால் சிஎஸ்எஸ். ஒரு கோடு தன்னைத்தானே வரைந்துகொள்வது போல வேண்டுமென்றால் எஸ்விஜியும் சிஎஸ்எஸ்ஸும். வடிவமே வேறொன்றாக உருமாறுகிறது, பத்துப் பதினைந்து பாகங்கள் ஒன்றுக்கொன்று நேரம் பார்த்து அசைகின்றன, பாத்திரங்கள் கை கால் அசைக்கின்றன என்றால்தான் லாட்டி.

டிக் குறி தன்னைத்தானே வரைந்துகொள்வதை லாட்டி இல்லாமல் எப்படிச் செய்வது?

எஸ்விஜியில் அந்தக் கோட்டின் 'பாத்லெங்த்' பண்பை 1 என்று வையுங்கள். கோட்டின் உண்மையான நீளம் எதுவாக இருந்தாலும் பிரவுசர் அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். பிறகு சிஎஸ்எஸ்ஸில் 'ஸ்ட்ரோக்-டேஷ்அரே' 1, 'ஸ்ட்ரோக்-டேஷ்ஆஃப்செட்' 1 என்று தொடங்கி, ஆஃப்செட்டை 0க்குக் கொண்டுவாருங்கள். கோடு தானாக வளரும். நீளத்தை ஜாவாஸ்கிரிப்டில் அளக்க வேண்டிய வேலையே இல்லை.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. கோட்டின் முனையை உருண்டையாக வைத்திருந்தால், வரையத் தொடங்கும் முன்பே ஒரு புள்ளி தெரியும். தொடக்கத்தில் ஒளிபுகுதலை 0 என்று வைத்து, வரையத் தொடங்கியதும் 1 ஆக்கினால் அது போய்விடும்.

எஸ்விஜிக்குள் ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் அது தன் இடத்தில் சுற்றாமல் எங்கோ பறக்கிறதே?

ஏறக்குறைய எல்லாருமே இதில் ஒருமுறை மாட்டிக்கொள்வார்கள். சாதாரண ஹெச்டிஎம்எல் உறுப்பு தன் நடுப்புள்ளியை வைத்துச் சுழலும். எஸ்விஜிக்குள் இருக்கும் உறுப்போ, நாம் எதுவும் சொல்லாவிட்டால், முழுப் படத்தின் இடதுமேல் மூலையை வைத்துச் சுழலும். 'ட்ரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸ்' என்பதை 'ஃபில்-பாக்ஸ்' என்றும், 'ட்ரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜின்' என்பதை 'சென்டர்' என்றும் வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

சரி, எனக்கு லாட்டிதான் வேண்டும். எந்த லைப்ரரி?

முதலாவது, பழைய நம்பகமான லாட்டி-வெப். எஸ்விஜி, கேன்வாஸ், ஹெச்டிஎம்எல் என மூன்று வழிகளில் வரையும். அதில் 'லைட்' என்றொரு பதிப்பு உண்டு. எஸ்விஜி மட்டும், எக்ஸ்பிரஷன் (ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அசைவைக் கணக்கிட எழுதும் சின்ன நிரல்) கிடையாது, அளவும் குறைவு. டிசைனர் எக்ஸ்பிரஷன் பயன்படுத்தவில்லை என்றால் இதையே எடுங்கள்.

இரண்டாவது, லாட்டி-ரியாக்ட் போன்ற உறைகள். உள்ளே லாட்டி-வெப்தான் ஓடுகிறது, ரியாக்ட் கம்போனென்ட் வடிவில் கிடைக்கிறது. வியூவுக்கும் ஆங்குலருக்கும் இதே மாதிரி உண்டு.

மூன்றாவது, லாட்டிஃபைல்ஸ் நிறுவனத்தின் டாட்லாட்டி-ரியாக்ட். இது வேறு இயந்திரம். தோர்விஜி என்ற வரைகலை இயந்திரத்தை வெப் அசெம்பிளியாக மாற்றி, கேன்வாஸில் வரைகிறது. சாதாரண ஜேசனும் ஓடும், '.லாட்டி' என்ற கோப்பும் ஓடும். அந்தக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப். அனிமேஷன், படங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு மேனிஃபெஸ்ட் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். வரையும் வேலையை வெப் வொர்க்கருக்குத் தள்ளிவிடும் கம்போனென்டும் இதில் இருக்கிறது.

எதை எடுப்பது? பாகங்களுக்கு சிஎஸ்எஸ்ஸில் நிறம் மாற்ற வேண்டும், பக்கத்தில் ஒன்றிரண்டு சின்ன அனிமேஷன்தான் என்றால் லாட்டி-வெப் லைட். ஒரே பக்கத்தில் நிறைய ஓடுகிறது, கனமான கோப்புகள் என்றால் டாட்லாட்டி. இதை ஊகித்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கோப்பையே இரண்டிலும் ஓட்டி, ஒரு விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரெடிமேட் கம்போனென்ட் இருக்கும்போது சொந்தமாக ஒன்று எதற்கு?

இந்தப் பக்கத்தை எழுதியதே பெரும்பாலும் இந்தக் கேள்விக்காகத்தான்.

முப்பது பக்கங்களில் முப்பது பேர் லாட்டி-ரியாக்டை நேரடியாக இறக்குமதி செய்தார்கள் என்று வையுங்கள். ஒருவர் லூப் போட்டிருப்பார், இன்னொருவர் போட்டிருக்க மாட்டார். அசைவு வேண்டாம் என்று பயனர் போனில் சொல்லியிருப்பதை இரண்டு பேர் மதித்திருப்பார்கள், மீதி இருபத்தெட்டு பேருக்கு அப்படியொரு வசதி இருப்பதே தெரிந்திருக்காது. நாளைக்கு லைப்ரரியை மாற்ற வேண்டி வந்தால் முப்பது இடங்களைத் தொட வேண்டும்.

அதனால் உங்கள் கம்போனென்ட் லைப்ரரியில், பட்டன், இன்புட், மோடல் எல்லாம் இருக்கும் இடத்திலேயே, 'அனிமேஷன்' என்று ஒரே ஒரு கம்போனென்ட் வையுங்கள். லாட்டி பிளேயரை இறக்குமதி செய்யும் உரிமை அந்த ஒரு கோப்புக்கு மட்டும்தான். வேறு எங்கும் நேரடியாக இறக்குமதி செய்தால் லின்ட் (நிரலைச் சரிபார்க்கும் கருவி) விதியே தடுக்கட்டும். இஎஸ்லின்ட்டில் குறிப்பிட்ட இறக்குமதியைத் தடுக்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது, பேக்கேஜின் பெயரைச் சேர்த்தால் போதும்.

அந்தக் கம்போனென்ட் வாங்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம்: எந்த அனிமேஷன் என்ற பெயர், அகலமும் உயரமும், ஒருமுறையா திரும்பத் திரும்பவா, முடிந்ததும் என்ன செய்ய வேண்டும், அப்புறம் இந்த அனிமேஷன் என்ன சொல்கிறது என்ற விவரணம். விவரணத்தைக் கட்டாயமாக்குங்கள். அழகுக்காக மட்டும் வைத்தது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வைக்கும்படி டைப்ஸ்கிரிப்ட் வகையை அமையுங்கள். 'விவரணம் அல்லது அலங்காரம்', இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நிரல் கம்பைலே ஆகக் கூடாது.

கோப்பின் முகவரியை நேராக வாங்காமல் பெயரை வாங்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. 'காலி-பட்டியல்', 'பணம்-வெற்றி' என்று பெயர் வைத்து, எந்தப் பெயருக்கு எந்தக் கோப்பு என்ற பட்டியலை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால், ஆப்பில் மொத்தம் எத்தனை அனிமேஷன் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க முடியும். எண்ணிப் பார்க்க முடிந்தால்தான் குறைக்கவும் முடியும்.

டெவலப்மென்டில் அனிமேஷன் இரண்டு தடவை, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிகிறது. ஏன்?

ரியாக்ட் 18இலிருந்து ஸ்ட்ரிக்ட் மோட், டெவலப்மென்டில் ஒவ்வொரு கம்போனென்டையும் ஒருமுறை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுகிறது. லாட்டி-வெப்பை யூஸ்எஃபெக்டுக்குள் அழைத்துவிட்டு, சுத்தம் செய்யும் பகுதியில் 'டெஸ்ட்ராய்' அழைக்காவிட்டால் முதலில் வரைந்த எஸ்விஜி அங்கேயே நிற்கும், அதன் கீழே இரண்டாவது வரும். ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்து இதை மறைக்காதீர்கள். பயனர் பக்கத்துக்குப் பக்கம் போய்வரும்போது நிஜத்திலும் இதே கசிவுதான் நடக்கும், அது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரே ஜேசனை இரண்டு இடத்தில் காட்டினால் ஒன்று கோணலாகிறது.

லாட்டி-வெப், கொடுத்த ஜேசன் ஆப்ஜெக்டின் மீதே கை வைத்து மாற்றுகிறது. ஒரே ஆப்ஜெக்டை இரண்டு பேரிடம் கொடுத்தால் சிக்கல் வரும். 'ஸ்ட்ரக்சர்டுகுளோன்' கொண்டு ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி கொடுங்கள்.

நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் 'டாக்குமென்ட் வரையறுக்கப்படவில்லை' என்று பில்ட் நின்றுவிடுகிறது.

லாட்டி-வெப்பை இறக்குமதி செய்த உடனேயே அது பிரவுசரின் 'டாக்குமென்ட்'டைத் தேடும். சர்வரில் அது கிடையாது. எனவே பிளேயரைக் கோப்பின் தலையில் இறக்குமதி செய்யாமல், யூஸ்எஃபெக்டுக்குள் டைனமிக் இம்போர்ட்டாகக் கொண்டுவாருங்கள். எஃபெக்ட் சர்வரில் ஓடாது என்பதால் பிழை போய்விடும். இன்னொரு லாபமும் சேர்ந்தே கிடைக்கும்: பிளேயர் முதல் பண்டிலில் சேராமல், தேவைப்படும்போது மட்டும் இறங்கும்.

நெக்ஸ்டின் சொந்த 'டைனமிக்' முறையில் எஸ்எஸ்ஆரை, அதாவது சர்வரிலேயே பக்கத்தை உருவாக்குவதை, அணைத்தும் செய்யலாம். ஆனால் நெக்ஸ்ட் 15இல் சர்வர் கம்போனென்டுக்குள் அதைச் செய்ய விடாது, கிளையன்ட் கம்போனென்டுக்குள்தான் வைக்க வேண்டும்.

அனிமேஷன் வந்து உட்காரும்போது பக்கமே கீழே குதிக்கிறது.

இடத்தை முன்கூட்டியே ஒதுக்கவில்லை என்று அர்த்தம். ஜேசனில் இருக்கும் அகல உயர விகிதத்தைச் சிஎஸ்எஸ் 'ஆஸ்பெக்ட்-ரேஷியோ'வாக வெளிப் பெட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெட்டிக்குள் முதல் ஃப்ரேமையோ கடைசி ஃப்ரேமையோ சாதாரண எஸ்விஜி படமாக வைத்துவிட்டால், பிளேயர் இறங்கும்வரை வெற்றிடமும் தெரியாது. நெட் மெதுவாக இருக்கும் ஊர்களில் பலருக்கு அந்த நிலைப்படம்தான் முழு அனுபவமும். அதையும் நன்றாகச் செய்யுங்கள்.

போன் சூடாகிறது, ஸ்க்ரோல் திக்குகிறது. எங்கே தேடுவது?

முதலில், கண்ணுக்குத் தெரியாத அனிமேஷன் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். பயனர் கீழே போய்விட்டார், மேலே இருக்கும் பேனர் தனியாக லூப்பில் ஆடிக்கொண்டிருக்கிறது. 'இன்டர்செக்‌ஷன் அப்சர்வர்' வைத்து, திரைக்குள் வந்தால் ஓடு, வெளியே போனால் நில் என்று சொல்லுங்கள். நம் பொதுக் கம்போனென்டுக்குள் ஒருமுறை எழுதினால் முப்பது இடத்துக்கும் கிடைத்துவிடும்.

அடுத்து லூப். பெரும்பாலான அனிமேஷன்களுக்கு லூப் தேவையே இல்லை. ஒருமுறை ஓடிக் கடைசி ஃப்ரேமில் நின்றால் போதும், கண்ணுக்கும் நிம்மதி.

மூன்றாவது, லாட்டி-வெப்பின் ஒரு வழக்கம் பலருக்குத் தெரியாது. டிசைனர் 30 ஃப்ரேமில் செய்திருந்தாலும், பிளேயர் இடைப்பட்ட நிலைகளைத் தானே கணக்கிட்டு, திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வரையும். 60 ஹெர்ட்ஸ் திரை என்றால் இரண்டு மடங்கு வேலை, 120 ஹெர்ட்ஸ் என்றால் நான்கு மடங்கு. 'செட்சப்ஃப்ரேம்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் டிசைனர் வைத்த ஃப்ரேம் கணக்கோடு நிற்கும். மெதுவாக அசையும் படங்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

எஸ்விஜியில் ஒவ்வொரு வடிவமும் டாமில் (பிரவுசர் வைத்திருக்கும் பக்க உறுப்புகளின் மரம்) ஒரு உறுப்பு. நூற்றுக்கணக்கான பாதைகள் உள்ள அனிமேஷன் என்றால் பிரவுசர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அத்தனையையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அப்போது கேன்வாஸுக்கு மாறிப் பாருங்கள். கேன்வாஸில் பிக்சல் அடர்த்தியைக் கவனிக்க வேண்டும். 300க்கு 300 பெட்டி, அடர்த்தி 3 உள்ள போனில் 900க்கு 900 ஆகிவிடும், அதாவது 8,10,000 பிக்சல்கள். அடர்த்தியை 2 என்று கட்டுப்படுத்தினால் 3,60,000தான்.

கோப்பு 1 எம்பிக்கு மேல் வருகிறது. வெக்டர் என்றால் சின்னதாக அல்லவா இருக்க வேண்டும்?

ஜேசனுக்குள் 'பேஸ்64' என்று தேடுங்கள். கிடைத்தால், யாரோ ஒரு பிஎன்ஜி படத்தை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் போட்டு அதைத்தான் அசைத்திருக்கிறார்கள். அது வெக்டரே இல்லை, வெக்டர் சட்டைக்குள் இருக்கும் ஒளிப்படம். பேஸ்64 ஆக்கினாலே அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

பேஸ்64 இல்லை என்றால், ஃப்ரேம் ஃப்ரேமாக வடிவம் மாறும் பாதைகள் இருக்கும். எக்ஸ்பிரஷனை ஏற்றுமதியின்போது கீஃப்ரேமாக மாற்றினால் இப்படித்தான் பெருகும். எண்களுக்குப் பின்னால் நீண்ட தசம இலக்கங்கள் இருந்தால் அவற்றையும் குறைக்கலாம், இரண்டு மூன்று இலக்கம் போதும். சர்வரில் ஜிஜிப் அல்லது பிராட்லி சுருக்கம் ஜேசனுக்கும் இயங்குகிறதா என்பதைச் சரிபாருங்கள். ஒரே மாதிரி எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் கோப்பு என்பதால் நன்றாகவே சுருங்கும்.

டிசைனரிடம் முதலிலேயே என்ன பேசி வைக்க வேண்டும்?

கோப்பு வந்த பிறகு சண்டை போடுவதைவிட, வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவது மேல். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்ய முடிகிற எல்லாமே லாட்டியில் வராது. பல எஃபெக்ட்களும், லேயர் ஸ்டைல்களும், சில பிளெண்டிங் முறைகளும் ஒரு பிளேயரில் வரும், இன்னொன்றில் வராது. மாஸ்க்கும் மேட்டும் வரும், ஆனால் கனம். வடிவங்களை ஷேப் லேயராகவே வைத்திருக்கச் சொல்லுங்கள். தேவையில்லாத, மறைத்து வைத்த லேயர்களை நீக்கச் சொல்லுங்கள். லேயர்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள், காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

முக்கியமாக, 'இந்த ஃப்ரேமில் நின்றால் எப்படி இருக்கும்?' என்று கேளுங்கள். அசைவில்லாமல் நிற்கும் ஒரு நல்ல ஃப்ரேம் இல்லாத அனிமேஷனை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

டார்க் மோடில் நிறம் மாற வேண்டும். இரண்டு கோப்பு வைக்கணுமா?

லாட்டி-வெப்பை எஸ்விஜியாக ஓட்டினால் ஒரு அழகான வழி இருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயரின் பெயரைப் புள்ளியில் தொடங்கி '.பிரைமரி' என்பதுபோல வைத்தால், அந்த உறுப்புக்கு அதே பெயரில் சிஎஸ்எஸ் கிளாஸ் கிடைக்கும் (கோப்பில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்). ஃபில் நிறம் பண்பாக எழுதப்படுவதால் சிஎஸ்எஸ் அதை மீறிவிடும். உங்கள் தீமின் சிஎஸ்எஸ் மாறியை அந்தக் கிளாஸுக்குள் இருக்கும் பாதைகளுக்குக் கொடுத்துவிட்டால் ஒரே கோப்பு இரண்டு மோடிலும் சரியாக இருக்கும். நிறமே அசைந்து மாறும் லேயர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

கேன்வாஸில் இந்த வழி இல்லை. டாட்லாட்டியில் தீம் வசதி தனியாக இருக்கிறது, கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பலாம்.

அனிமேஷனுக்குள் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது!

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு மகிழ்ச்சி. யாரோ தமிழில் ஆப் செய்கிறார்கள்.

காரணம் இதுதான். 'கொ' என்பது நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு அது 'க' என்ற குறியும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். ஒகரக் குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் போய் உட்கார வேண்டும். 'கெ', 'கே', 'கை' என்பவற்றிலும் பின்னால் தட்டச்சு செய்த குறி முன்னால் வந்து நிற்கிறது. இதைச் சரியாகச் சேர்ப்பது பிரவுசரின் எழுத்து உருவாக்கும் பகுதியின் வேலை. லாட்டியின் டெக்ஸ்ட் லேயரோ ஒவ்வொரு குறியாகப் பிரித்து இடமிருந்து வலமாக அடுக்கப் பார்க்கும். அப்படிச் செய்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறித்தான் போகும்.

இரண்டு வழிகள். எழுத்து மாறவே மாறாது என்றால், டிசைனர் அதை வெளிவடிவமாக, அதாவது ஷேப் லேயராக மாற்றி ஏற்றுமதி செய்யட்டும். அப்போது அது எழுத்தாக இல்லாமல் படமாகிவிடும், உடையாது. இல்லாவிட்டால், எழுத்தை அனிமேஷனிலிருந்து முழுக்க வெளியே எடுத்து, அதன்மேலோ கீழோ சாதாரண ஹெச்டிஎம்எல்லாக வையுங்கள். இரண்டாவதுதான் என் தேர்வு. நாளைக்கு மலையாளமோ இந்தியோ சேர்த்தால் கோப்பைத் தொட வேண்டாம், ஸ்கிரீன் ரீடர் படிக்கும், பயனர் எழுத்தைப் பெரிதாக்கினால் பெரிதாகும்.

'அசைவைக் குறை' என்ற போன் அமைப்பை எப்படி மதிப்பது?

'ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன்' என்ற மீடியா குவெரியில் அது தெரியும். ஜாவாஸ்கிரிப்டில் 'மேட்ச்மீடியா' வழியாகக் கேட்டு, மாறும்போதும் கவனித்துக்கொண்டிருங்கள். ஆம் என்றால் ஓட்டாதீர்கள், அந்த நல்ல நிலை ஃப்ரேமை மட்டும் காட்டுங்கள். இது ரசனை சம்பந்தப்பட்டதல்ல. உள்காது கோளாறு உள்ளவர்களுக்குப் பெரிய அசைவுகள் நிஜமாகவே தலைசுற்றலையும் குமட்டலையும் கொண்டுவரும்.

சர்வரில் இந்த விருப்பம் தெரியாது. எனவே தொடக்க நிலை 'அசையாதது' என்றே இருக்கட்டும், பிரவுசருக்கு வந்து அனுமதி தெரிந்த பிறகு ஓடத் தொடங்கட்டும். தலைகீழாகச் செய்தால், அசைவு வேண்டாம் என்றவருக்கும் ஒரு கணம் ஆடிவிட்டு நிற்கும்.

டபிள்யூசிஏஜி என்ற வெப் அணுகல்தன்மை விதிகளில் இரண்டை மனதில் வையுங்கள். தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் அசைவது எதுவானாலும் அதை நிறுத்த ஒரு வழி இருக்க வேண்டும். அப்புறம், எதுவும் ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

ஸ்கிரீன் ரீடருக்கு: பொருள் உள்ள அனிமேஷன் என்றால் வெளிப் பெட்டிக்கு 'ரோல்' பண்பை 'ஐஎம்ஜி' என்றும், 'ஏரியா-லேபிள்' ஒரு வாக்கியமாகவும் கொடுங்கள். அலங்காரம் என்றால் 'ஏரியா-ஹிடன்'. முன்பு சொன்ன கட்டாய விவரணம் இங்கேதான் வந்து சேர்கிறது.

பணம் செலுத்தும் பக்கத்தில் 'வெற்றி' அனிமேஷனை எப்போது ஓட்டுவது?

சர்வர் 'ஆம்' என்று சொன்ன பிறகு மட்டும். ஒரு திட்டத்தில் பட்டனை அழுத்திய உடனேயே பச்சை டிக் வரத் தொடங்கியது. சர்வர் பதில் வருவதற்குள் மூன்று நொடி அழகாக ஓடட்டும் என்ற நினைப்பு. நெட் விழுந்தபோது டிக் ஓடி முடிந்து, அதன்பின் 'பணம் போகவில்லை' என்று செய்தி வந்தது. டிக்கைப் பார்த்ததுமே போனைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தவர்கள் அந்தச் செய்தியைப் பார்க்கவே இல்லை. பணம் கட்டியாகிவிட்டது என்றே நம்பினார்கள். அனிமேஷன் சொல்வதை மக்கள் எழுத்தைவிட வேகமாக நம்புகிறார்கள்.

காத்திருக்கும்போது காட்டும் அசைவு, வெற்றி, தோல்வி மூன்றையும் ஒரே கோப்பில் தனித்தனி ஃப்ரேம் பகுதிகளாக வைத்துக்கொள்ளலாம். லாட்டி-வெப்பில் 'பிளேசெக்மென்ட்ஸ்' வழியாக, நிலை மாறும்போது அந்தப் பகுதிக்குத் தாவலாம். எழுத்துச் செய்தி மட்டும் அனிமேஷன் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பதில் வந்த கணமே தெரிய வேண்டும்.

கடுமையான சிஎஸ்பி (பக்கத்தில் எந்த நிரல் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் பாதுகாப்பு விதி) வைத்திருக்கிறோம். பிளேயர் ஓடவில்லை.

முழு லாட்டி-வெப் எக்ஸ்பிரஷனுக்காக, எழுத்தை நிரலாக ஓட்டும் 'இவால்' பயன்படுத்துகிறது. அதற்காகச் சிஎஸ்பியைத் தளர்த்தாமல் லைட் பதிப்புக்கு மாறுங்கள். டாட்லாட்டி என்றால் ஸ்கிரிப்ட் விதியில் வெப் அசெம்பிளிக்கான அனுமதி வேண்டும். அத்துடன் அதன் வாஸ்ம் (வெப் அசெம்பிளி) கோப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால், வெளி சிடிஎன்னிலிருந்து (கோப்புகளைப் பகிரும் பொது சர்வர் வலை) இறங்கும். 'செட்வாஸ்ம்யூஆர்எல்' மூலம் உங்கள் சர்வரிலிருந்தே கொடுத்துவிடுங்கள்.

பிளேயரை நேராக சிடிஎன்னிலிருந்து 'லேட்டஸ்ட்' என்று எடுத்தால் என்ன?

2024 அக்டோபர் 30 அன்று நடந்ததைச் சொல்கிறேன். என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் களஞ்சியத்தில் லாட்டி-பிளேயர் என்ற பேக்கேஜின் 2.0.5, 2.0.6, 2.0.7 என்ற மூன்று பதிப்புகளைத் தாக்குபவர்கள் வெளியிட்டார்கள். வெளியிடும் உரிமை உள்ள ஒரு டெவலப்பரின் டோக்கன் அவர்கள் கையில் சிக்கியிருந்தது. அதை ஏற்றிய தளங்களில், கிரிப்டோ வாலட்டை இணைக்கச் சொல்லும் பெட்டி திடீரென்று எழுந்தது. பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் சிடிஎன்னிலிருந்து எடுத்த தளங்கள், தங்கள் பக்கம் ஒரு வரிகூட மாற்றாமலே அந்த நிரலை ஓட்டின. பிறகு பழைய நல்ல பதிப்பையே 2.0.8 என்று வெளியிட்டுச் சரிசெய்தார்கள்.

எண்ணைக் குறிப்பிட்டு, லாக் கோப்பை ரிப்போவில் வைத்து, உங்கள் பண்டிலோடு சேர்த்தே அனுப்புங்கள். சிடிஎன் தவிர்க்கவே முடியாது என்றால் 'இன்டக்ரிட்டி' ஹாஷ் சேருங்கள்.

டெஸ்ட் ஓட்டினால் 'ஃபில்ஸ்டைல்' பற்றி ஏதோ பிழை வருகிறது.

ஜெஸ்ட் டெஸ்ட்களில் பிரவுசருக்குப் பதிலாக நிற்கும் ஜேஎஸ்டாமில் கேன்வாஸ் இல்லை. லாட்டி-வெப் இறக்குமதியாகும்போதே ஒரு கேன்வாஸை உருவாக்கிப் பார்க்கும், அது கிடைக்காமல் விழும். யூனிட் டெஸ்டில் பிளேயரை மாக் செய்துவிடுங்கள், அதாவது அதன் இடத்தில் ஒரு போலியை வையுங்கள். இறக்குமதி ஒரே கோப்பில்தான் நடக்கிறது என்பதால் மாக்கும் ஒன்றே போதும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒப்பிடும் டெஸ்ட்களில், அசையும் அனிமேஷன் ஒவ்வொரு முறையும் வேறு ஃப்ரேமில் பிடிபட்டு, காரணமில்லாமல் தோல்வி காட்டும். பிளேரைட் என்ற பிரவுசர் டெஸ்ட் கருவியில் 'ரெட்யூஸ்டு மோஷன்' என்று அமைத்துவிட்டு ஓட்டுங்கள். நம் கம்போனென்ட் அதை மதித்து நிலை ஃப்ரேமைக் காட்டும், படமும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். அந்த அமைப்பை வைத்த பிறகும் ஒரு பக்கம் மட்டும் அசைந்தால், யாரோ அங்கே பிளேயரை நேரடியாக இறக்குமதி செய்திருக்கிறார்கள்.